கல்லூரி நூலகத்தில் ஒரு தமிழ்ப் பாடநூலைக் கேட்டுப் படிக்கும்படி மாற்றுவது எப்படி?

தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, முதுகலை வரலாறு படிக்கும் பார்வையற்ற மாணவர் ஒருவர் என் மேசைக்கு வந்தார். "சார், நீங்க பென்டிரைவ்ல கொடுத்த புத்தகம் பேசவே மாட்டேங்குது" என்றார். நானும் உதவியாளரும் இரண்டு நாள் உட்கார்ந்து 240 பக்கத்தையும் ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கிக் கொடுத்திருந்தோம். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தோம். உண்மையில் நாங்கள் கொடுத்தது 240 புகைப்படங்கள். அவருடைய கணினிக்கு அதில் ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை. மிச்சமிருந்த நாட்களில் நண்பர்கள் மாறி மாறி வாசித்துக் காட்ட, அவர் தேர்வு எழுதித் தேறினார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. மற்றவர்கள் நான்கு மாதம் கையில் வைத்திருந்த புத்தகம் அவருக்கு ஒரு நாள்கூடச் சொந்தமாகக் கிடைக்கவில்லை.

அதன் பிறகு நாங்கள் கற்றுக்கொண்ட முறையை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். நூலகப் பணியாளர்கள், நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள், வகுப்பு நண்பர்கள் என யார் வேண்டுமானாலும் செய்யலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டாம். ஒரு கணினி, ஒரு ஸ்கேனர் அல்லது நல்ல கேமரா உள்ள போன், இணையம், தமிழ் நன்றாகப் படிக்கத் தெரிந்த மூன்று நான்கு பேர் இருந்தால் போதும்.

படி 1: ஜூன் மாதமே தொடங்குங்கள்

மாணவர் வந்து கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். அவர் கேட்கும்போது பெரும்பாலும் பாதி செமஸ்டர் போயிருக்கும். சேர்க்கை முடிந்ததும் அலுவலகத்தில் கேட்டால் எந்தத் துறையில் யாருக்கு உதவி தேவைப்படலாம் என்று தெரிந்துவிடும். துறைத் தலைவரிடம் பாடத்திட்டத்தையும் புத்தகப் பட்டியலையும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆசிரியர் முதலில் நடத்தப்போகும் அலகு எது என்பதையும் மறக்காமல் கேளுங்கள். முழுப் புத்தகத்தையும் முடித்துத்தான் கொடுப்பேன் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். முதல் அலகு முதல் வாரத்திலேயே அவர் கையில் இருக்க வேண்டும்.

படி 2: அவரிடமே கேளுங்கள்

பார்வையற்றவர் என்றாலே பிரெய்ல் என்று நினைத்துவிடுகிறோம். சிறுவயதிலிருந்து சிறப்புப் பள்ளியில் படித்தவர்கள் பிரெய்லில் வேகமாகப் படிப்பார்கள். பத்தாம் வகுப்புக்குப் பிறகு பார்வை இழந்தவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். குறைபார்வை உள்ளவருக்குப் பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கொடுத்தாலே போதும். தனியாக அமர்ந்து இவற்றைக் கேளுங்கள்:

- கணினியில் படிப்பீர்களா, போனிலா?
- எந்தத் திரைவாசிப்பானைப் (திரையில் உள்ள எழுத்தைப் பேசிக் காட்டும் மென்பொருள்) பயன்படுத்துகிறீர்கள்?
- வேர்டு ஃபைல் வசதியா, ஈபப் என்ற மின்னூல் வடிவம் வசதியா?
- பெரிய எழுத்து என்றால் எந்த அளவு? (18 புள்ளியில் ஒரு பக்கம் அச்சிட்டுக் காட்டிக் கேட்பது நல்லது.)

கவுண்டரில் பத்துப் பேர் நிற்கும்போது "சர்டிஃபிகேட் இருக்கா?" என்று கேட்காதீர்கள். யுடிஐடி என்ற மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகல் பதிவுக்குத் தேவை என்றால் ஒருமுறை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு புத்தகத்துக்கும் கேட்க வேண்டியதில்லை.

படி 3: ஏற்கெனவே இருக்கிறதா என்று பாருங்கள்

ஒரு வார உழைப்பு மிச்சமாகும் இடம் இது. மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் துறை, இந்திய டெய்சி மன்றம், டிசிஎஸ் மூன்றும் சேர்ந்து 2016இல் தொடங்கிய சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் இருக்கிறது. அச்சில் படிக்க இயலாதவர்கள் அதில் உறுப்பினராகலாம். உங்கள் மாணவர் இன்னும் சேரவில்லை என்றால் இன்றே உடன் உட்கார்ந்து பதிவு செய்து கொடுங்கள்.

சங்க இலக்கியம், காப்பியம், பக்தி இலக்கியம் என்றால் 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தளத்தில் மூலநூல்கள் யூனிகோடில், அதாவது திரைவாசிப்பான் எழுத்தாகவே படிக்கும் பொதுக் குறியீட்டில், உள்ளன. தமிழ் விக்கிமூலத்திலும் தேடுங்கள். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஏராளமான நூல்கள் உண்டு, ஆனால் அவற்றில் பல பக்கப் படங்கள்தான். அப்படிப்பட்டவற்றுக்கு ஸ்கேன் செய்யும் வேலை மட்டும் குறையும், எழுத்தாக்கும் வேலை உங்களுடையது.

பதிப்பகத்துக்கும் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள். சிலர் அச்சுக்குப் போன ஃபைலையே கொடுத்துவிடுவார்கள். அதில் ஒரு சிக்கல் வரலாம். பழைய ஃபைல்கள் பாமினி போன்ற எழுத்துருக்களில் இருக்கும். திரையில் 'தமிழ்' என்று அழகாகத் தெரியும். உள்ளே இருப்பதோ ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கில விசைகள். திரைவாசிப்பான் உள்ளே இருப்பதைத்தான் படிக்கும். அப்படி ஒரு ஃபைல் வந்தால் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை, புத்தகம் முழுவதும் திரும்பக் கிடைத்துவிடும்.

படி 4: சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது

"காப்புரிமைப் பிரச்சினை வருமே" என்று தயங்கும் நூலகர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். 2012இல் பதிப்புரிமைச் சட்டத்தில் செய்த திருத்தம் இதற்காகவே விலக்கு அளிக்கிறது. மாற்றுத்திறனாளி ஒருவர் படிப்பதற்காக ஒரு நூலை அவருக்கு ஏற்ற வடிவில் மாற்றலாம். லாப நோக்கமின்றிச் செய்யும் நிறுவனங்களும் மாற்றலாம், உரிமையாளரின் அனுமதி தேவையில்லை. பார்வையற்றோருக்கான நூல்கள் குறித்த மரக்கேஷ் உடன்படிக்கையை 2014 ஜூனில் உலகில் முதலாவதாக ஏற்று உறுதிசெய்த நாடும் இந்தியாதான். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, அரசு நிதி பெறும் அல்லது அரசு அங்கீகரித்த கல்வி நிலையங்கள் மாணவரின் தேவைக்கேற்ற வசதிகளைச் செய்து தர வேண்டும் என்கிறது.

இதில் நாம் காக்க வேண்டிய நாணயம் ஒன்று உண்டு. மாற்றிய ஃபைல் அந்த மாணவர்களுக்கு மட்டுமே போக வேண்டும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் அந்த விலக்கின் நிபந்தனையையே மீறியவர்கள் ஆகிவிடுவோம்.

படி 5: ஸ்கேன் செய்வது

300 டிபிஐ தெளிவு, சாம்பல் நிறம், நேரான பக்கம். இவ்வளவுதான். போனில் எடுப்பதானால் ஜன்னலோர வெளிச்சத்தில், பக்கத்துக்கு நேர் மேலிருந்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம், வழவழப்பான தாளில் வெள்ளைத் திட்டு விழும். நடுத் தையல் பக்கம் எழுத்து வளைந்தால் ஒரு கண்ணாடித் துண்டை மேலே வைத்து அழுத்தி எடுக்கலாம். இரண்டு பக்கங்களை ஒரே படத்தில் எடுக்காதீர்கள். அவசரத்தில் எடுத்த ஒரு மோசமான பக்கம் பிழை திருத்தும்போது அரை மணி நேரத்தை விழுங்கிவிடும்.

படி 6: படத்தை எழுத்தாக்குவது

இதற்கு ஓசிஆர் என்று பெயர். தமிழுக்கு எளிய வழி கூகுள் டிரைவ்.

1. ஸ்கேனைப் பத்துப் பத்துப் பக்கமாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் 2 எம்பிக்குள் இருந்தால் நல்லது.
2. டிரைவில் ஏற்றுங்கள்.
3. ஃபைல் மீது வலது சொடுக்கி 'ஓப்பன் வித்', பிறகு 'கூகுள் டாக்ஸ்' தேர்ந்தெடுங்கள்.
4. எழுத்துகள் வந்துவிடும். சில சமயம் மேலே பக்கத்தின் படமும் ஒட்டிக்கொண்டு வரும், அதை அழித்துவிடுங்கள்.
5. எல்லாவற்றையும் ஒரே வேர்டு ஃபைலில் வரிசையாகச் சேருங்கள்.

இணையம் சரியாக இல்லாத ஊர் என்றால் டெசராக்ட் என்ற இலவச மென்பொருள் இணையம் இல்லாமலே தமிழைப் படிக்கும். நிறுவுவது கொஞ்சம் சிரமம், கணினித் துறை மாணவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: பிழை திருத்துவது

அதிக நேரம் எடுக்கும் படி இதுதான். இதைத் தாண்டிப் போனால் மற்ற எல்லா உழைப்பும் வீண். தமிழில் ஓசிஆர் எங்கே தடுக்கி விழும் என்பது பழகினால் தெரிந்துவிடும்.

முதலாவது, காலும் ரகரமும். அச்சில் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். 'காலம்' என்பது 'கரலம்' ஆகிவிடும். பார்த்துத் திருத்துகிறவர் கண் இதைச் சுலபமாகத் தாண்டிவிடும், ஏனென்றால் மனம் 'காலம்' என்றே படித்துக்கொள்கிறது. காதால் கேட்கிறவருக்கு அது 'கரலம்' என்றுதான் விழும்.

இரண்டாவது, ஔகாரம். 'ஔவை' என்பதை ஒகரத்தையும் ளகரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 'ஒளவை' என்று ஆக்கிவிடும். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. கேட்டால் 'ஒ-ள-வை'. ஓசிஆர் மட்டும் இல்லை, தட்டச்சு செய்கிற நாமும் செய்கிற பிழை இது. தேடி மாற்றும் வசதியில் 'ஒள' என்று போட்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒட்டுமொத்தமாக மாற்றிவிடாதீர்கள், 'ஒளி'யும் 'ஒளவை'யோடு சேர்ந்து அகப்படும்.

மூன்றாவது, வரி முறியும் இடம். ஆங்கிலப் புத்தகத்தில் வரிக் கடைசியில் சொல் உடைந்தால் ஒரு சிறு கோடு இருக்கும். தமிழில் பெரும்பாலும் கோடு போடாமலே 'மாண' ஒரு வரியிலும் 'வர்கள்' அடுத்த வரியிலும் அச்சாகும். வரிகளைச் சேர்க்கும்போது 'மாண வர்கள்' என்று இடைவெளி விழும். இதைக் கணினி தானாகச் சரிசெய்யாது. வரி வரியாகப் பார்த்து ஒட்டத்தான் வேண்டும்.

இவை போக, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் வரும் நூல்பெயர் வாக்கியத்தின் நடுவே வந்து உட்கார்ந்திருக்கும், நீக்குங்கள். ஒ-ஓ, எ-ஏ, ண-ன குழப்பங்களைக் கவனியுங்கள். ஆண்டுகளையும் புள்ளிவிவரங்களையும் அச்சுப் புத்தகத்தோடு ஒப்பிட்டே ஆக வேண்டும். 1857 என்பது 1851 ஆகியிருந்தால் கேட்டுப் படிப்பவருக்குப் பிழை என்று தெரிய வழியில்லை. அப்படியே தேர்வில் எழுதுவார்.

எங்கள் நூலகத்தில் ஆளுக்கு இருபது பக்கம் என்று பிரித்துக்கொள்கிறோம். ஒருவர் திருத்தியதை இன்னொருவர் பார்ப்பார். ஒருவரே தொடர்ந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் செய்தால் கண் சோர்ந்து பிழைகள் தப்பிவிடுகின்றன.

படி 8: புத்தகத்துக்கு வழித்தடம் போடுவது

கண் உள்ளவர் புத்தகத்தைப் புரட்டி, பெரிய எழுத்துத் தலைப்பைப் பார்த்து நிற்கிறார். கேட்டுப் படிப்பவருக்கு அந்த வசதியை நாம்தான் செய்து தர வேண்டும். தலைப்பைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது. வேர்டில் தலைப்பின் மேல் கர்சரை வைத்து கண்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்துங்கள், அது இயல் தலைப்பு ஆகும். உள்தலைப்புக்கு கண்ட்ரோல், ஆல்ட், 2. இப்படிச் செய்துவிட்டால் அவர் எச் விசையை அழுத்தி ஒரு தலைப்பிலிருந்து அடுத்ததற்குத் தாவிப் போவார். இல்லாவிட்டால் ஐந்தாம் இயலுக்குப் போக முதல் நான்கு இயலையும் தடவிக்கொண்டே வர வேண்டும்.

அச்சுப் பக்க எண்ணை எடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கம் தொடங்கும் இடத்திலும் 'பக்கம் 45' என்று தனி வரியில் போடுங்கள். வாக்கியம் நடுவில் உடைந்தால் அந்த வாக்கியம் முடிந்த பிறகு போடலாம். வகுப்பில் ஆசிரியர் "நாற்பத்தைந்தாம் பக்கம் எடுங்க" என்று சொல்லும்போது, மற்றவர்கள் புரட்டி முடிப்பதற்குள் அவர் தேடிப் பிடித்துவிடுவார். இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு மாணவிதான். நாங்களாக யோசித்திருக்க மாட்டோம்.

செய்யுள் அடிகளை அடி மாறாமல் வையுங்கள். உரைநடை போல ஒட்டிவிட்டால் எதுகையும் மோனையும் காதில் விழாது. அடிக்குறிப்புகளை 'குறிப்பு தொடக்கம்', 'குறிப்பு முடிவு' என்று சொல்லி அந்தப் பத்தியின் கீழேயே வைப்பது நல்லது.

படங்களுக்கு வருவோம். 'படம் 3.2' என்று மட்டும் விட்டுவிட்டால் அந்த இடம் அவருக்கு ஓட்டை. பொருளியல் நூலில் தேவைக் கோடு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படி எழுதலாம்: 'வரைபடம். செங்குத்து அச்சில் விலை, கிடை அச்சில் வாங்கும் அளவு. ஒரு கோடு இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக இறங்குகிறது. விலை குறையக் குறைய வாங்கும் அளவு கூடுகிறது.' நான்கே வாக்கியம். அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியரிடம் ஒருமுறை காட்டிச் சரிபாருங்கள். அலங்காரப் படங்களுக்கு எதுவும் எழுத வேண்டாம். அட்டவணையை வேர்டின் அட்டவணை வசதியிலேயே போடுங்கள். இடைவெளி விட்டு விட்டுத் தட்டினால் எண்கள் எல்லாம் ஒரே மூச்சில் கொட்டும்.

படி 9: நீங்களே கேட்டுப் பாருங்கள்

என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசம். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற நிரலாளர் ஒருவர் 2006இல் தொடங்கியது. இறக்கி நிறுவுங்கள்.

1. கண்ட்ரோல், ஆல்ட், என் அழுத்தினால் பேசத் தொடங்கும்.
2. குரல் அமைப்பில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். அதோடு வரும் ஈஸ்பீக் குரலில் தமிழ் உண்டு. விண்டோஸில் தமிழ்ப் பேச்சை இறக்கினால் 'வள்ளுவர்' என்ற குரலும் கிடைக்கும்.
3. வேர்டு ஃபைலைத் திறந்து இன்சர்ட் விசையோடு கீழ் அம்பை அழுத்துங்கள். அங்கிருந்து தொடர்ந்து படிக்கும்.
4. நிறுத்த கண்ட்ரோல்.
5. தலைப்புகளில் தாவ, முதலில் இன்சர்ட், ஸ்பேஸ் அழுத்தி, பிறகு எச்.

முதல் பத்து நிமிடம் குரல் இயந்திரத்தனமாக இருக்கும், காது பழகிவிடும். திரையை அணைத்துவிட்டு ஐந்து பக்கம் கேளுங்கள். மேலே சொன்ன 'கரலம்' எல்லாம் அப்போது வெளியே வரும். கண்ணுக்குத் தப்பிய பிழையைக் காது பிடித்துவிடும் என்பதால், பிழை திருத்தும் கடைசிச் சுற்றை நாங்கள் இப்படித்தான் செய்கிறோம். என்விடிஏயின் 'டூல்ஸ்' பட்டியலில் உள்ள ஸ்பீச் வியூவர், பேசுவதை எழுத்தாகவும் காட்டும். கற்றுக்கொள்ளும் காலத்தில் அது மிகவும் உதவும்.

படி 10: கொடுப்பது

வேர்டு ஃபைலாகக் கொடுங்கள். போனில் படிப்பவருக்கு டெய்சி கூட்டமைப்பின் வேர்டு டு ஈபப் என்ற இலவசக் கருவியில் மாற்றி ஈபப் ஆகக் கொடுக்கலாம். பிடிஎஃப் ஆக்காமல் இருப்பது நல்லது. தமிழ் பிடிஎஃப்களில் கொம்பும் காலும் இடம் மாறி, 'கொ' என்பது உடைந்து படிக்கப்படுவது அடிக்கடி நடக்கிறது. ஏற்கெனவே கையில் உள்ள ஒரு பிடிஎஃப் எப்படி என்று தெரிய வேண்டுமா? ஒரு பத்தியை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். நோட்பேடில் என்ன தெரிகிறதோ, ஏறக்குறைய அதுதான் அவர் காதில் விழும்.

பிரெய்ல் வேண்டும் என்பவருக்கும் இந்த யூனிகோடு ஃபைல்தான் அடிப்படை. பிரெய்ல் அச்சு எந்திரம் உள்ள நிறுவனத்துக்கு இதை அனுப்பினால் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியிருக்காது. குறைபார்வை உள்ளவருக்கு இதையே 18 அல்லது 20 புள்ளியில், நெளிவு சுளிவு இல்லாத எழுத்துருவில், வரிகளுக்கு இடையே நல்ல இடம் விட்டு அச்சிடலாம். எழுத்துகள் குழம்பும் டிஸ்லெக்சியா உள்ள மாணவர்களும் இப்படி அச்சிட்டதைப் பார்த்துக்கொண்டே கேட்டுப் படிக்கிறார்கள்.

இன்னும் சில, சுருக்கமாக

சக்கர நாற்காலியில் வருபவருக்கு ஃபைல் பிரச்சினை இல்லை, அலமாரிதான் பிரச்சினை. ஓர் இஞ்சுநாடாவை எடுத்துக்கொண்டு ஒரு சுற்று வாருங்கள். அலமாரிகளுக்கு நடுவே குறைந்தது 90 செ.மீ. இருக்கிறதா? வாசலில் ஒரு படிதானே என்று விட்டிருக்கிறோமா? 15 செ.மீ. உயரத்துக்கு, 1:12 சரிவில், 180 செ.மீ. நீளச் சாய்தளம் வேண்டும். அதைவிடச் செங்குத்தாகப் பலகை போட்டால் பின்னால் ஒருவர் தள்ள வேண்டியிருக்கும். மேசைக்கு அடியில் முழங்கால் நுழைய வேண்டும், அதனால் கீழே குறுக்குச் சட்டம் இல்லாத மேசை ஒன்றைத் தேர்ந்து வாசலுக்கு அருகில் போடுங்கள். மேல் தட்டுப் புத்தகம் கேட்டால் எடுத்துத் தர யார் பொறுப்பு என்று பெயர் குறித்து வையுங்கள்.

செவித்திறன் குறைந்த மாணவரிடம் முகம் பார்த்துப் பேசுங்கள், கவுண்டரில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். நூலகம் மூடும் மணி அடித்தால் அவருக்குத் தெரியாது, விளக்கை இரண்டு முறை அணைத்துப் போடுங்கள்.

சென்னையில் இருப்பவர்கள் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் பிரெய்ல் பிரிவையும், தெற்கே இருப்பவர்கள் 2023இல் மதுரையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் மாற்றுத்திறனாளிகள் பிரிவையும் நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் மாணவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். எது தனக்குப் பயன்படும், எது படாது என்று அவர் சொல்வதைக் குறித்துக்கொண்டு வந்து அப்புறம் வாங்குங்கள்.

கடைசியாக ஃபைலுக்குப் பெயர் வைக்கும் விஷயம். 'ஸ்கேன்_புதியது_2' என்று வைக்காதீர்கள். ஆசிரியர் பெயர், நூல் பெயர், பதிப்பு ஆண்டு, எந்த அலகு வரை என்று தமிழிலேயே எழுதுங்கள், திரைவாசிப்பான் அதையும் படிக்கும். ஃபைலின் முதல் வரியில் திருத்திய தேதியையும், பிழை கண்டால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதையும் போடுங்கள். நூலகப் பதிவேட்டில் அச்சு நூலுக்குப் பக்கத்திலேயே 'கேட்டுப் படிக்கும் ஃபைல் உண்டு' என்று குறித்துவிடுங்கள். கொடுத்து ஒரு வாரம் கழித்து அந்த மாணவரைத் தேடிப் போய், எந்தப் பக்கத்தில் தடுக்கியது என்று கேளுங்கள். அவர் சொல்லும் பக்கங்களை அன்றே திருத்தி, இரண்டாம் அலகோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம்.